பழங்காலத்து கிறிஸ்துமஸ்: எந்தப் பழங்காலம்?

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுக்க ஊசியும் நூலுமா உட்கார்ந்து பாப்கார்ன் கோத்துக்கிட்டு இருந்தேன். மல்லிப்பூ கட்டக்கூடத் தெரியாத ஆளுக்கு வந்த சோதனை :-)

நாங்க இருக்கறது பாஸ்டன்லேர்ந்து ஒரு மணி நேரத் தூரத்துல ஒரு சின்ன ஊர். பொண்ணு போன வருஷம் ஒரே பிடிவாதம். "இந்தத் தடவை கடைச் சாமான் எதுவும் வேண்டாம்பா, அந்தக் காலத்து மாதிரி சிம்பிளா கிறிஸ்துமஸ் வைக்கலாம்." தங்கமணிக்கு சந்தோஷம், செலவு மிச்சம். எனக்கும்தான். அந்தக் காலத்து மாதிரின்னா எப்படின்னு பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டோம். எண்பது தாண்டினவங்க, தனியா இருக்காங்க. அவங்க சொல்லிக்கொடுத்ததுதான் இந்த பாப்கார்ன் மாலை. வெண்ணெய், உப்பு எதுவும் போடாம பொரிச்சு, ஒரு நாள் அப்படியே விட்டுடணும். சுடச்சுட கோத்தா பொடிப்பொடியா உடையும், நமுத்துப் போனாத்தான் ஊசி ஏறும். நாலு பாப்கார்னுக்கு ஒரு கிரான்பெர்ரி. பார்க்க நம்ம களாக்காய் மாதிரி சிவப்பா, புளிப்பா இருக்கும்.

கை வேலை பார்க்க, மண்டைக்குள்ள பழைய வியாதி ஆரம்பிச்சுது. அந்தக் காலம், அந்தக் காலம்ங்கறோமே, எந்தக் காலம்?

ஏன்னா நாங்க உட்கார்ந்திருந்த அதே மண்ணுல, 1659லேர்ந்து 1681 வரைக்கும், கிறிஸ்துமஸ் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம்! அன்னிக்கு வேலைக்குப் போகாம லீவு போட்டாலும் குத்தம், விருந்து சாப்பிட்டாலும் குத்தம். சட்டம் போட்டது வேற யாரோ இல்லை, பைபிளைக் கரைச்சுக் குடிச்ச பியூரிட்டன் கிறிஸ்தவங்களேதான். ஏசு டிசம்பர் 25ல பிறந்தார்னு பைபிள்ல எங்கயும் இல்லைங்கறது அவங்க வாதம். 1647ல இங்கிலாந்து பாராளுமன்றமே கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒழிச்சு உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் கேன்டர்பரி நகரத்துல கடையைத் திறக்கச் சொன்னதுக்குப் பெரிய கலவரமே நடந்தது.

இதைவிட எனக்குப் பிடிச்சது 1621ல பிளிமத்ல நடந்தது. எங்க வீட்டுலேர்ந்து கார்ல போற தூரம்தான். குடியேற்றத்தோட கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டே எழுதி வச்சிருக்கார். டிசம்பர் 25 காலையில வழக்கம்போல எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடறார். புதுசா கப்பல்ல வந்து இறங்கின கூட்டம் மட்டும், இன்னிக்கு வேலை செய்ய மனசாட்சி இடம் கொடுக்கலைங்குது. சரி, உங்களுக்குப் புத்தி வர்ற வரைக்கும் விட்டுடறேன்னுட்டுப் போயிடறார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தா மனசாட்சிக்காரங்க அத்தனை பேரும் தெருவுல பந்து விளையாடிக்கிட்டு இருக்காங்க :-) விளையாட்டுச் சாமானை எல்லாம் பிடுங்கி வச்சுக்கிட்டார். பக்தின்னா வீட்டுக்குள்ள இருந்துக்கோங்க, தெருவுல கூத்தடிக்கக்கூடாதுன்னுட்டார்.

வீட்டுக்குள்ள, தெருவுல. இந்த ரெண்டு வார்த்தையிலதான் கிறிஸ்துமஸோட பாதி வரலாறு இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஸ்டீபன் நிஸன்பாம்னு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல வரலாற்றுப் பேராசிரியரா இருந்தவர் 1996ல கிறிஸ்துமஸுக்காக நடந்த சண்டையைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். என் கண்ணைத் திறந்தது அதுதான்.

அறுவடை முடிஞ்ச மாசம் டிசம்பர். குளிர் வந்துட்டதால ஆடு மாடு வெட்டினா கறி கெடாது. புது பீர் தயாரா இருக்கும். வயல்ல வேலை கிடையாது. அப்புறம் என்ன, ஊரே தெருவுலதான். ஏழைப்பட்ட ஜனங்க கும்பலா பாட்டுப் பாடிக்கிட்டு பணக்காரன் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. உள்ள கூப்பிட்டு நல்ல சாப்பாடும் நல்ல சரக்கும் தரணும். தரலைன்னா மிரட்டல்தான். நம்ம ஊர் தீபாவளி இனாம் மாதிரின்னு வச்சுக்குங்க, ஆனா கொஞ்சம் முரட்டு இனாம். வருஷம் முழுக்க கைகட்டி நிக்கறவன் அன்னிக்கு ஒருநாள் உரிமையோட கேப்பான், முதலாளி வாயைத் திறக்காம கொடுப்பான். உண்மையான பழங்கால கிறிஸ்துமஸ் இதுதான். குடும்பம், மரம், பரிசுப் பொட்டலம் எதுவும் அதுல கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல நியூயார்க் மாதிரி ஊர் எல்லாம் வேகமா வளர்ந்தப்போ இது பணக்காரங்களுக்குப் பயமாயிடுச்சு. கிராமத்துல வாசலுக்கு வர்றவன் தெரிஞ்ச முகம். நகரத்துல முகமே தெரியாத கும்பல், அதுவும் குளிர்காலத்துல வேலை இல்லாத கும்பல், தகரத்தைத் தட்டிக்கிட்டு ராத்திரி கதவைத் தட்டினா? 1819-20ல வாஷிங்டன் இர்விங் இங்கிலாந்துப் பண்ணையார் வீட்டு கிறிஸ்துமஸைப் பத்தி ஆசை ஆசையா எழுதினார். படிச்சவங்க எல்லாம் அதுதான் நம்ம முன்னோர் வழக்கம்னு எடுத்துக்கிட்டாங்க. 1823 டிசம்பர்ல டிராய்ங்கற ஊர் பத்திரிகையில, எழுதினவர் பேர் இல்லாம, புனித நிக்கோலஸ் ராத்திரி வீட்டுக்கு வர்ற கவிதை வெளியாச்சு. கவனிச்சுப் பாருங்க. இதுலயும் ராத்திரியில வெளியாள் ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். ஆனா கேக்க வரலை, கொடுக்க வர்றார்! பெரியவன் ஏழைக்குக் கொடுத்துக்கிட்டிருந்தது போய், அப்பா அம்மா சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கறதுன்னு ஆச்சு. வாசல்ல நின்னவனோட இடத்துல வீட்டுக் குழந்தை வந்து உட்கார்ந்தாச்சு. கதவைச் சாத்தியாச்சு.

மரம் வந்த கதை இன்னும் வேடிக்கை. 1848ல லண்டன் பத்திரிகை ஒண்ணு விக்டோரியா மகாராணி குடும்பத்தோட கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்துல நிக்கற படம் போட்டுச்சு. 1850ல அமெரிக்காவுல 'கோடீஸ் லேடீஸ் புக்'ங்கற பெண்கள் பத்திரிகை அதையே எடுத்து, ராணி தலையில இருந்த கிரீடத்தையும் ஆல்பர்ட் மீசையையும் அழிச்சிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பம் மாதிரி அச்சடிச்சுது. ஃபோட்டோஷாப் எல்லாம் நேத்து வந்ததுங்க!

சரி, அப்போவாவது எளிமையா இருந்துச்சா? அதே 1850ல ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதின ஒரு கிறிஸ்துமஸ் கதையிலயே, யாருக்கும் தேவையில்லாத பரிசுக்குக் காசைக் கொட்டறோமேன்னு ஒரு பாத்திரம் அலுத்துக்குது. மாசசூசெட்ஸ்ல கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனதே 1856ல. அதாவது சட்டப்படி லீவு கிடைக்கறதுக்கு முன்னாடியே, கடைக்காரன் கெடுத்துட்டான்ங்கற புலம்பல் வந்தாச்சு! வீட்டு கிறிஸ்துமஸுக்கு என்ன வயசோ, புலம்பலுக்கும் அதே வயசு.

அதுக்காக எல்லாம் பொய், வேஷம்னு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. 1868ல லூயிசா மே ஆல்காட் எழுதின 'லிட்டில் விமன்'லயும் ஒரு கிறிஸ்துமஸ் வருது. நாலு பொண்ணுங்களும் தங்களோட காலைச் சாப்பாட்டை அப்படியே தூக்கிக்கிட்டுப் பசியோட இருக்கற ஒரு ஜெர்மன் குடும்பத்துக்கு எடுத்துட்டுப் போவாங்க. இப்போ இவங்க போய்த் தட்டறாங்க. சாத்தின கதவு உள்ளேயிருந்து திறக்குது. படிக்கும்போதெல்லாம் அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கும். ஆனா வாசல்ல நின்னு உரிமையோட கேட்டவனுக்கு இந்தக் கதையில பேச்சு இல்லைங்கறதும் உறுத்தும்.

24ஆம் தேதி சாயந்திரம் பாட்டி வந்தாங்க. பொண்ணு மரத்துல நிஜ மெழுகுவத்திதான் வைக்கணும்னு நின்னா. பாட்டி ஒரே பார்வை. அந்தக் காலத்துல பக்கத்துல வாளித் தண்ணி வச்சுக்கிட்டுத்தான் ஏத்துவாங்க, அதுவும் கொஞ்ச நேரம்தான்னாங்க. எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882ல நியூயார்க்ல தன் வீட்டு மரத்துல 80 மின்சார பல்பு மாட்டினார்னு நான் எடுத்து விட, பல்பும் பழங்காலம்தான்னு பொண்ணு சமாதானம் ஆயிட்டா.

சாப்பிடும்போது, "இந்த பாப்கார்ன் மாலை உங்க பாட்டி காலத்துலேர்ந்து வர்றதா?"ன்னு கேட்டேன். பாட்டி சிரிச்சுட்டாங்க. "அதெல்லாம் இல்லப்பா. எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ வீட்டுல மரமே கிடையாது, வாங்க வசதி இல்லை. கல்யாணம் ஆன அப்புறம் ஏதோ பெண்கள் பத்திரிகையில பார்த்துட்டுச் செஞ்சாங்க. பழங்கால முறைன்னு போட்டிருந்துதாம்."

ராத்திரி எட்டு மணிக்குக் காலிங் பெல். பார்சல் கொடுக்கற பையன், தொப்பியெல்லாம் பனி. (உள்ள இருந்தது பொண்ணுக்குத் தெரியாம நான் ஆர்டர் பண்ணின பொம்மை. எளிமைக்கு அவ்வளவுதான் ஆயுசு.) பொண்ணு உள்ள ஓடிப்போய் முறுக்கு டப்பாவையே தூக்கிட்டு வந்து நீட்டினா. அவன் ஒரு கை நிறைய அள்ளிக்கிட்டு, இன்னும் நாப்பது வீடு பாக்கின்னு சொல்லிட்டு வண்டிக்கு ஓடினான்.

புத்தாண்டு கழிஞ்சதும் மாலையைக் கழட்டித் தோட்டத்து வேலியில தொங்க விட்டோம். அணில் பாப்கார்னை மட்டும் தின்னுட்டு கிரான்பெர்ரியை அப்படியே விட்டுட்டுப் போயிடுச்சு.