சூ திரும்பி வந்த கதை

டோக்கியோவின் நடுவே, பேரரசரின் அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது ஹிபியா பூங்கா. அங்கே ஒரு திறந்தவெளி அரங்கு. 1977 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. மேடையில் பாடிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் திடீரென்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வருகிற செப்டம்பரோடு குழுவைக் கலைத்துவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். சாதாரணப் பெண்களாகத் திரும்பிப் போக வேண்டும் என்று மூவரில் மூத்தவர் தேம்பியபடி சொன்னது, அன்றிரவே ஜப்பான் முழுவதும் பரவிவிட்டது.

அந்தக் குழுவின் பெயர் கேண்டீஸ். மூத்தவர் ரான், வயது 22. மற்ற இருவர் சூவும் மிகியும், இருவருக்கும் 21. நாட்டின் மிகப் பெரிய கலைஞர் நிறுவனமான வாத்தனபே புரொடக்ஷன்ஸ் அவர்களை வளர்த்து, உடுத்தி, மேடையேற்றியிருந்தது. அந்த நிறுவனத்தின் சம்மதம் வாங்காமலே அவர்கள் அன்று மைக்கில் பேசிவிட்டார்கள். நட்சத்திரங்களின் நாட்குறிப்பைக்கூட நிறுவனமே எழுதிய காலத்தில் அது எத்தனை பெரிய துணிச்சல் என்பதை இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூவரில் சூ என்று அழைக்கப்பட்ட தனாகா யோஷிகோவைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். ஜப்பானிய சினிமாவின் வரலாற்றில் அவர் பெயர் நிற்பதற்கு ஒரே ஒரு படம் போதும். ஆனால் அந்தப் படத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் படத்தின் கனத்தை முழுதாக உணர முடியாது என்பது என் எண்ணம்.

டோக்கியோவின் வடக்கு ஓரத்தில் உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி அதாச்சி. தூண்டில் சாமான்கள் விற்கும் கடை நடத்திய குடும்பத்தில் 1956 ஏப்ரல் 8 அன்று பிறந்தவர் யோஷிகோ. வாத்தனபே நிறுவனம் நடத்திய இசைப் பள்ளியில் சேர்ந்து ஆடவும் பாடவும் கற்றார். பெரிய பாடகர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று ஆடும் மாணவர் கூட்டத்தில் அவரும் ஒருவர். 1972ல் என்.எச்.கே. தொலைக்காட்சியின் பாட்டு நிகழ்ச்சி ஒன்றுக்கு உதவியாளர்களாக அந்தப் பள்ளியிலிருந்து மூன்று பெண்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கேண்டீஸ் பிறந்தது இப்படித்தான். 1973 செப்டம்பர் 1 அன்று முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

ஜப்பானில் ‘ஐடல்’ என்ற நட்சத்திர வகை உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. 1971ல் நிப்பான் தொலைக்காட்சி ‘நட்சத்திரம் பிறக்கிறது’ என்ற போட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் மேடையேறிப் பாடுவார்கள்; நிறுவனங்கள் அங்கேயே அவர்களைத் தேர்ந்தெடுக்கும். குரலில் கொஞ்சம் பிசிறு இருந்தாலும் பாதகமில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போல இருக்க வேண்டும், சிரிக்க வேண்டும், ரசிகனின் கண்முன்னே வளர வேண்டும். பாட்டு, விளம்பரம், நகைச்சுவை நாடகம், பத்திரிகை அட்டை, ஊர் ஊராகக் கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் ஒரே முகம். காதல் கூடாது, கோபம் கூடாது, தூக்கத்துக்கு நேரம் கிடையாது.

முதல் நான்கு இசைத்தட்டுகளில் கேண்டீஸின் நடுவில் நின்றவர் சூ. முதன்மைக் குரலும் அவருடையதே. அவை பெரிதாக விற்கவில்லை. 1975 பிப்ரவரியில் வந்த ஐந்தாவது தட்டில், தன்னைவிட இளையவனான ஒரு பையனைப் பற்றிய பாட்டில், ரானை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டு வெற்றி பெற்றது. அன்றிலிருந்து ரான் நடுவில், சூ பக்கத்தில். 18 வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கும் திரையில் ஓர் அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். சூ தள்ளி நின்றார், முகம் கோணாமல் இசைவுக்குரல் பாடினார். பின்னாளில் அவர் நடித்த காட்சிகளில் எதிரே இருப்பவர் பேசும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் நிற்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நகைச்சுவையும் அவர்களுக்குப் பாடமாகவே அமைந்தது. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு டி.பி.எஸ். தொலைக்காட்சியில் டிரிஃப்டர்ஸ் குழுவினர் நடத்திய நிகழ்ச்சியை நாடே பார்த்தது. அரங்கில் கூட்டத்தை வைத்துக்கொண்டு நேரலையாக நடத்துவது. தப்பினால் திரும்ப எடுக்க வழியில்லை. கேண்டீஸ் மூவரும் அதில் உருண்டார்கள், விழுந்தார்கள், அடி வாங்குவது போல நடித்தார்கள். 1976ல் தொடங்கிய இன்னொரு நகைச்சுவை நிகழ்ச்சியில் இதோ ஷிரோ, கோமாட்சு மசாவோ போன்ற தேர்ந்த சிரிப்பு நடிகர்களோடு வாராவாரம் குறுநாடகம் போட்டார்கள். ‘பொம்மைப் பெண்கள்’ என்று விமர்சகர்கள் ஒதுக்கிய அந்த வருடங்களில் அவர்கள் காலக் கணக்கையும் உடல்மொழியையும் கற்றுக்கொண்டிருந்தார்கள். எந்த நடிப்புப் பள்ளியிலும் இத்தனை கடுமையான பயிற்சி கிடைத்திருக்காது.

பிரிவு அறிவிப்புக்குப் பிறகு ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். நாடு தழுவிய கேண்டீஸ் கூட்டமைப்பு என்று தாங்களே சங்கம் கட்டியிருந்தார்கள். 2024ல் ஜப்பானின் பிரதமரான இஷிபா ஷிகேருவும் மாணவப் பருவத்தில் கேண்டீஸ் பைத்தியம்தான். இந்த இளைஞர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். போகாதே என்று வழி மறிக்கவில்லை. இவர்களை முதலிடத்தில் ஏற்றி அனுப்பி வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். அதுவரை கேண்டீஸின் எந்தப் பாட்டும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததில்லை. 1978 பிப்ரவரியில் வந்த விடைபெறும் பாட்டு முதலிடம் பிடித்தது. முதல் தடவை, ஒரே தடவை.

செப்டம்பரில் முடிய வேண்டியது அடுத்த வசந்தம் வரை தள்ளிப்போயிருந்தது. 1978 ஏப்ரல் 4 அன்று கொராகுவென் பேஸ்பால் மைதானத்தில் 55,000 பேர் கூடினார்கள். ரானுக்குச் சிவப்பு, சூவுக்கு நீலம், மிகிக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துக் காகிதச் சுருள்களை வீசுவது ரசிகர் வழக்கம். அன்று மேடையே அந்தச் சுருள்களில் மூழ்கியது. நாங்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தோம் என்று மூவரும் கத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சூவுக்கு அப்போது 22 நிறையவில்லை. நான்கு நாள் பாக்கி.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. 1980ல் ரான் திரும்பினார். கியோட்டோ மருத்துவ மாணவர்களைப் பற்றி ஓமோரி கசுகி இயக்கிய ‘ஹிப்போகிராட்டீஸ்கள்’ படத்தில் நடித்தார். அதே ஆண்டு சூவும் தனாகா யோஷிகோ என்ற சொந்தப் பெயரோடு நடிகையாகத் திரும்பினார். தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். மிகி 1983ல் தனியாக ஒரு பாட்டுப் பாடிவிட்டு, பிறகு குடும்பத்தோடு ஒதுங்கிக்கொண்டார். சாதாரணப் பெண்களாகப் போகிறோம் என்று அழுதவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று ஏசியவர்கள் உண்டு. அந்த ஏச்சில் நியாயமில்லை. 16 வயதில் தொடங்கி இடைவேளை இல்லாமல் உழைத்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு, தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துவிட்டு வருவது வாக்குத் தவறுவது ஆகாது. நிறுவனம் தேர்ந்தெடுத்த வேலை முதலாவது. அவரே தேர்ந்தெடுத்தது இரண்டாவது.

எட்டொன்பது ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களிலும் துணை வேடங்களிலும் கழிந்தன. பிறகு வந்தது இமாமுரா ஷோஹெய்யின் அழைப்பு.

1983ல் ‘நராயாமா பாட்டு’ படத்துக்காகக் கான் விழாவின் தங்கப் பனை வாங்கியவர் இமாமுரா. இளமையில் இயக்குநர் ஓசுவிடம் உதவியாளராக இருந்தவர். ஆனால் குருவின் அமைதி அவர் படங்களில் இருக்காது. சேறும் பசியும் காமமும் நிறைந்த உலகம் அவருடையது. அவர் இபூசே மசூஜியின் ‘கருப்பு மழை’ நாவலைக் கையில் எடுத்தார். ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய ஷிகேமாட்சு ஷிசுமா என்பவரின் நாட்குறிப்பை ஆதாரமாக வைத்து எழுதி, 1966ல் நூலாக வந்த நாவல் அது. அந்த மனிதரின் பெயரை முன்பின்னாக மாற்றித்தான் இபூசே தன் நாயகனுக்கு வைத்தார்.

கதை இதுதான். 1945 ஆகஸ்ட் 6 காலை குண்டு விழும்போது யசுகோ என்ற இளம்பெண் நகரத்துக்கு வெளியே இருக்கிறாள். மாமாவையும் மாமியையும் தேடிப் படகில் வரும்போது வானத்திலிருந்து கருப்பாக மழை பெய்கிறது. முகத்தில் விழுந்த துளிகளைத் துடைத்துக்கொள்கிறாள். எரிந்த நகரத்தின் ஊடாக மூவரும் நடக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து, மலையடிவாரக் கிராமத்தில், அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். வருகிற ஒவ்வொரு வரனும் விசாரித்துவிட்டு நழுவுகிறது. என் மருமகள் குண்டில் அகப்படவில்லை என்று நிரூபிக்க மாமா தன் நாட்குறிப்பைப் படியெடுக்கிறார். அந்த மழையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

யசுகோவாக நடித்தவர் தனாகா. மாமாவாகக் கிதாமுரா கசுவோ, மாமியாக இச்சிஹாரா எட்சுகோ, இசை தாகேமிட்சு தோரு. 1989ல், வண்ணம் சாதாரணமாகிவிட்ட காலத்தில், இமாமுரா கருப்பு வெள்ளையில் எடுத்தார்.

தனாகா படத்தில் ஓங்கி அழும் இடமே அரிது. கஞ்சி வைக்கிறார், பெரியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறார், விருந்தாளிக்குத் தேநீர் வைத்துவிட்டு விலகி உட்கார்கிறார். போரில் மனம் சிதைந்து, வண்டியின் இன்ஜின் சத்தம் கேட்டாலே எதிரியின் டாங்க் என்று பாய்ந்து தாக்கும் யூயிச்சி என்ற இளைஞன் கல்லில் புத்தச் சிலைகள் செதுக்குகிறான். ஊரே ஒதுக்கிய அவனிடம் அவள் மனம் நிற்கிறது. இருவரும் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் காதல் வசனம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குளியலறைக் காட்சி. தலைமுடி கொத்தாகக் கையோடு வருகிறது. அவள் அதைப் பார்க்கிறாள்; அவள் உதட்டில் ஒரு சிரிப்பு தெரிகிறது. நான் பார்த்த சினிமாக் காட்சிகளில் இத்தனை பயம் தந்தது வேறில்லை.

அந்தச் சிரிப்பு ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கொராகுவெனில் நீலச் சுருள் வீசிய மாணவர்கள் இப்போது முப்பது தாண்டிய குடும்பஸ்தர்கள். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் தங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்த முகம் அது. அந்த முகத்தின் மேல்தான் இமாமுரா கருப்பு மழையைப் பெய்யவிட்டார். பெயர் தெரியாத நடிகை ஒருவர் எத்தனை நன்றாக நடித்திருந்தாலும் அந்த வலி அவர்களுக்கு இப்படி வீட்டுக்குள் வந்திருக்காது. ஐடலாக இருந்ததை மறக்கடித்துத்தான் அவர் நல்ல நடிகையானார் என்று எழுதுபவர்களோடு நான் இந்த இடத்தில் மாறுபடுகிறேன். இந்தப் படத்துக்குச் சூவும் தேவைப்பட்டார்.

ஜப்பான் அகாடமி, புளூ ரிப்பன், மைனிச்சி, கினெமா ஜும்போ என்று அந்த ஆண்டின் சிறந்த நடிகை விருதுகள் அவரிடம் வந்து குவிந்தன. அதே 1989 டிசம்பரில் அவர் ‘காட்ஸில்லா எதிர் பியோலாண்டே’ படத்திலும் நடித்திருந்தார். இயக்கியவர், ரானின் மறுவரவுப் படத்தை எடுத்த அதே ஓமோரி.

1991ல் திருமணம். கணவர், 1985ல் 27 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த புகழ்பெற்ற நடிகை நாட்சுமே மசாகோவின் அண்ணன். மறு ஆண்டே தனாகாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அவர் வெளியே சொல்லவில்லை. 19 ஆண்டுகள் சிகிச்சையும் நடிப்புமாக ஓடின. 1994ல் நாட்டையே அழவைத்த ‘வீடில்லாப் பிள்ளை’ தொடரில் சிறுமியின் நோயாளித் தாயாக வந்தார். 2001ல் என்.எச்.கே.யின் காலைத் தொடரான ‘சுராசனில்’ ஒகினாவாக் குடும்பத்தின் அம்மாவாக, வாய்விட்டுச் சிரிக்கிற, எல்லோருக்கும் சோறு போடுகிற பெண்ணாக நடித்தார். நோயைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தொடரைப் பார்த்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த உழைப்பு புரியும்.

2011 ஏப்ரல் 21 அன்று அவர் காலமானார். வயது 55. நான்கு நாள் கழித்து டோக்கியோ அவோயாமாவில் நடந்த இறுதிச் சடங்கில், அவர் மார்ச் 29ந் தேதி பதிவு செய்து வைத்திருந்த குரலை ஒலிக்கவிட்டார்கள். மார்ச் 11 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் இறந்தவர்களை நினைத்தே பேச்சைத் தொடங்கியிருந்தார். நோயிடம் தோற்றுவிடலாம், அப்படியானால் மேலுலகில் இருந்தாவது பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவேன் என்றார். இன்னும் படங்களில் வர வேண்டும், இன்னும் நடிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது என்றார். மூச்சு திணறுகிறது என்று சொல்லி முடித்துக்கொண்டார். ரானும் மிகியும் அங்கே இருந்தார்கள். வெளியே திரண்டிருந்த ரசிகர்கள், ஊர்தி புறப்பட்டபோது நீலச் சுருள்களை வீசினார்கள். ஒதுங்கிப் போக விரும்பியவர்களை மதித்து அனுப்பி, திரும்பி வந்தபோது ஏற்று, கடைசிவரை கூட வந்த அந்த ரசிகர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு.

யசுகோவின் மாமாவைத் திணறவைத்த அந்த மழைக் கேள்விக்கு நீதிமன்றத்தின் பதில், தனாகா மறைந்து பத்து ஆண்டு கழித்தே வந்தது. அரசு வகுத்த எல்லைக்கு வெளியே கருப்பு மழையில் நனைந்த 84 பேரைக் குண்டால் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்க வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 2021 ஜூலை 14 அன்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

‘கருப்பு மழை’ படத்துக்கு இன்னொரு முடிவையும் இமாமுரா எடுத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிந்தைய யசுகோ ஷிகோகு தீவின் கோயில்களை நோக்கி யாத்திரை போகும் அந்த வண்ணப் பகுதியை அவரே வெட்டிவிட்டார். பின்னாளில் அது டிவிடியில் சேர்க்கப்பட்டது. முதலில் இரண்டு மணி நேரக் கருப்பு வெள்ளைப் படத்தை முழுதாகப் பாருங்கள். ஒரு நாள் விட்டு அந்த வண்ணப் பகுதியைப் பாருங்கள். இமாமுரா வெட்டியது சரியா என்று நீங்களே முடிவு செய்து எனக்கு எழுதுங்கள். வெட்டியிருக்கவே கூடாது என்பது என் கட்சி.

(தொடரும்)