குடியிருக்கத் தகுந்த வீடு: நியூயார்க் குடித்தனக்காரர்களின் நூறு வருடக் கதை

கூரை ஒழுகுகிறது. சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கழிப்பறை அடைத்துக்கொண்டு நாற்றம் தாங்கவில்லை. வாடகை வீட்டில் இதெல்லாம் வந்தால் யார் சரிசெய்ய வேண்டும்? வீட்டுக்காரர்தான் என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவோம். சரி, அவர் செய்யவில்லை என்றால்? குடித்தனக்காரர் வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்க அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் பெரும்பகுதி நடந்த ஊர் நியூயார்க்.

25 அடிக்கு 100 அடி

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலம், 100 அடி நீளம் என்ற அளவில் பிரித்து விற்கப்பட்டன. ஒரு குடும்பம் தனி வீடு கட்டிக்கொண்டு இருக்க அது தாராளமான இடம். ஆனால் 1840களுக்குப் பிறகு அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும், பிறகு இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் லட்சக்கணக்கான ஏழைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அதே மனையில் ஐந்து, ஆறு மாடி எழுப்பி இருபது குடும்பங்களை வைத்தால் எவ்வளவு வாடகை வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள் மனைக்காரர்கள். அப்படி வந்ததுதான் டெனமென்ட். நம் ஊர் பாஷையில் சொன்னால் ஒண்டுக்குடித்தனக் கட்டடம்.

இரண்டு பக்கமும் அடுத்த கட்டடம் ஒட்டி நிற்கும். அதனால் தெருப்பக்கத்து அறைக்கும் கொல்லைப்பக்கத்து அறைக்கும் மட்டும்தான் ஜன்னல். நடுவில் உள்ள அறைகள் ரயில் பெட்டி போல ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும், பகலிலும் இருட்டு. கழிப்பறை கொல்லையில், எல்லோருக்கும் பொது. பல உரிமையாளர்கள் கட்டடம் முழுவதையும் ஓர் இடைத்தரகருக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். அவர் வீடு வீடாக வாடகை வசூலித்துத் தன் லாபத்தை எடுத்துக்கொள்வார். அப்போது உரிமையாளர் அந்த வாசலை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிகக் கணக்கில் ஜன்னல் என்பது நஷ்டம். ஜன்னல் வைக்க வெளியே காலி இடம் வேண்டும். காலி இடத்துக்கு வாடகை வராது. வீட்டுக்காரர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நல்லவர் ஒருவர் காற்றோட்டமாகக் கட்டினால், பக்கத்து மனைக்காரரைவிட அவருக்கு வருமானம் குறைவு. அதனால்தான் இது தானாகச் சரியாகவில்லை.

முதல் படி: சட்டம் வந்தது

1860 பிப்ரவரியில் எல்ம் தெருவில் ஒரு டெனமென்ட் தீப்பிடித்தது. மேல் மாடிகளில் இருந்தவர்களுக்கு இறங்க வழியில்லை. பலர் செத்துப்போனார்கள். அதே வருடம் தீயிலிருந்து தப்பிக்கும் வழி வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. 1866ல் நகரத்துக்குச் சுகாதார வாரியம் அமைந்தது. 1867ல் முதல் டெனமென்ட் சட்டம் வந்தது. மூன்று குடும்பங்களுக்கு மேல் தனித்தனியாகச் சமைத்துக் குடியிருக்கும் வாடகைக் கட்டடம் டெனமென்ட் என்று விளக்கம் சொல்லி, 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், தீ விபத்தில் தப்பிக்க வழி வேண்டும் என்றெல்லாம் விதித்தது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்கப் போதுமான ஆட்கள் இல்லை. விதியோடு விலக்கும் சேர்ந்தே இருந்தது.

1879ல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்குச் சற்று முன் குழாய், சுகாதாரப் பொறியியல் பத்திரிகை ஒன்று, 25 அடி மனைக்குள் நல்ல டெனமென்ட் வரைபடம் கேட்டுப் போட்டி நடத்தியது. ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞர் பரிசு வாங்கினார். அவருடைய கட்டடம் நடுவில் இரண்டு பக்கமும் உள்ளே இடுங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் உடற்பயிற்சி செய்யும் டம்பெல் போல இருக்கும். அந்த இடுக்கில் காற்று இறங்கும், நடு அறைகளுக்கு ஜன்னல் வைக்கலாம் என்பது திட்டம்.

நடந்தது வேறு. இரண்டு கட்டடத்தின் இடுக்கும் சேர்ந்தாலும் ஏறக்குறைய ஐந்து அடிதான் அகலம். ஆறு மாடி ஆழத்துக்கு வெளிச்சம் இறங்கவில்லை. மேலிருந்து குப்பையைப் போட்டார்கள், கீழே அழுகியது. ஜன்னலைத் திறந்தால் நாற்றம் என்று மூடியே வைத்தார்கள். தீப்பிடித்தால் அந்த இடுக்கே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. ஜன்னல் வேண்டும் என்பதற்கு ஜன்னல் இருந்தது; காற்றுதான் இல்லை!

இரண்டாம் படி: எண்ணிப் பார்த்தார்கள்

டென்மார்க்கிலிருந்து 1870ல் வந்த ஜேக்கப் ரீஸ் என்பவர் போலீஸ் செய்திகள் எழுதும் நிருபர். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த ஒளிப்பொடியைக் கொளுத்தி, இருட்டு அறைகளுக்குள் போட்டோ எடுத்தார். 1890ல் வெளிவந்த அவருடைய புத்தகம் வசதியானவர்களை உலுக்கியது. 1894ல் அமைந்த ஒரு விசாரணைக் குழு, தான் கணக்கெடுத்த 2,55,033 பேரில் 306 பேருக்குத்தான் வீட்டில் குளிக்க வசதி இருக்கிறது என்று கண்டது.

ஆனால் திருப்பம் தந்தது 1900ல் நடந்த ஒரு கண்காட்சி. லாரன்ஸ் வெய்லர் என்ற இளைஞர் ஏற்பாடு செய்தது. அதில் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியின் ஒரே ஒரு சதுரத்தை, அதாவது நான்கு தெருக்களுக்கு நடுவில் உள்ள கட்டடங்களை, அட்டையில் மாதிரியாகச் செய்து வைத்தார்கள். பக்கத்தில் கணக்கு:

- 39 டெனமென்ட் கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர்
- கழிப்பறைகள் 264
- குளியல் தொட்டி ஒன்றுகூட இல்லை
- வெந்நீர் வரும் குடித்தனங்கள் 40
- ஐந்து வருடத்தில் காசநோய் 32 பேருக்கு
- வருட வாடகை வசூல் 1,13,964 டாலர்

கடைசி வரியைப் பாருங்கள். ஒரு குடித்தனத்துக்குச் சராசரியாக மாதம் 15 டாலருக்கு மேல். சும்மா ஒண்டிக்கொண்டிருந்தவர்கள் இல்லை அவர்கள், காசு கொடுத்தவர்கள். கொடுத்த காசுக்குக் கிடைத்தது பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை. நோயையும் வாடகையையும் ஒரே தாளில் எழுதி வைத்ததுதான் அந்தக் கண்காட்சியின் பலம்.

அப்போது மாநில ஆளுநர் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் ஒரு கமிஷன் அமைத்தார். வெய்லர் அதன் செயலாளர். 1901 ஏப்ரலில் புதிய டெனமென்ட் சட்டம் கையெழுத்தானது. புதிதாகக் கட்டினால் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் உள்ளேயே கழிப்பறை வேண்டும். பழைய கட்டடங்களையும் விடவில்லை: கொல்லைக் கழிப்பறையை எடுத்துவிட்டு இரண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று வைக்க வேண்டும், இருட்டு அறையின் சுவரில் திறப்பு வைக்க வேண்டும், மாடிப்படியில் விளக்கு எரிய வேண்டும்.

இதைவிட முக்கியம், 1902ல் இதற்கென்றே ஒரு தனித் துறை வேலையைத் தொடங்கியது. ஆய்வாளர்கள் கட்டடம் கட்டடமாகப் போய் அறைகளை வரைந்து, ஜன்னலை எண்ணி, கட்டடத்துக்கு ஓர் அட்டை எழுதினார்கள். அந்த அட்டைகள் இன்றும் நகர வீட்டுவசதித் துறையிடம் இருக்கின்றன.

வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கழிப்பறை மாற்றச் சொன்னதை எதிர்த்து ஒரு வீட்டு உரிமையாளர் வழக்குப் போட்டார். பழைய விதிப்படி வைத்ததை இப்போது மாற்றச் சொல்வது தன் சொத்துரிமையைப் பறிப்பது என்பது வாதம். மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1904லும், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906லும் சட்டத்தின் பக்கம் நின்றன. குடியிருப்பவரின் உடல்நலத்துக்காக வீட்டுக்காரரின் செலவில் மாற்றம் செய்யச் சொல்லலாம் என்பது அதோடு உறுதியானது.

மூன்றாம் படி: வாடகை

சட்டம் இருக்கிறது, ஆய்வாளரும் இருக்கிறார். அப்புறம் என்ன குறை? குடித்தனக்காரரின் கையில் எதுவும் இல்லை என்பதுதான் குறை.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் என்பது நிலத்தைப் பற்றியது. விவசாயி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார். அதில் ஒரு குடிசையும் இருக்கிறது. குடிசை ஒழுகினால் அவரே கீற்று மாற்றிக்கொள்வார். விளைச்சல் தருவது நிலம்தானே! ஆகவே வீடு எப்படி இருந்தாலும் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். இதே தர்க்கத்தை ஆறாவது மாடியில் குடியிருக்கும் தையல் தொழிலாளிக்கும் பொருத்தினார்கள். ஆய்வாளரிடம் புகார் சொன்னால் வீட்டுக்காரர் அபராதம் கட்டலாம். மறு மாதம் புகார் சொன்னவர் வெளியே போக வேண்டியதுதான். வீட்டைக் காலி செய் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

1963ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினக் குடித்தனக்காரர்கள் ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் வாடகை கொடுக்க மறுத்தார்கள். குளிர்காலத்தில் வீட்டில் சூடு இல்லை, எலித் தொல்லை. அந்த டிசம்பரில் நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் வீட்டில் பிடித்த எலிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். வாடகையை வீட்டுக்காரரிடம் தராமல் நீதிமன்றத்தில் கட்டலாம் என்று நீதிபதி சொன்னார்.

அடுத்த இரண்டு தீர்ப்புகள் தலைநகர் வாஷிங்டனிலிருந்து வந்தன. இரண்டையும் எழுதியவர் ஸ்கெல்லி ரைட் என்ற நீதிபதி. 1968ல், சுகாதார விதிமீறலைப் பற்றிப் புகார் சொன்னதற்குப் பழிவாங்க ஒருவரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்றார். 1970 வழக்கில் குடித்தனக்காரர்கள் வாடகையை நிறுத்தியிருந்தார்கள். கட்டடத்தில் சுமார் 1,500 விதிமீறல்கள் இருந்தன. கீழ் நீதிமன்றங்கள் அதைக் கேட்கவே மறுத்துவிட்டன. வாடகை பாக்கியா இல்லையா, அது மட்டும்தான் கேள்வியாம்!

ரைட் அந்தப் பழைய தர்க்கத்தையே தூக்கிப்போட்டார். நகரத்தில் வாடகைக்கு வருபவர் நிலத்தை வாங்க வரவில்லை. சூடு, வெளிச்சம், காற்று, ஒழுங்கான குழாய், பூட்டக்கூடிய கதவு எல்லாம் சேர்ந்த ஒரு வசதியைக் காசு கொடுத்து வாங்குகிறார். அது கிடைக்கவில்லை என்றால் முழு வாடகையும் கேட்க முடியாது. கடையில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் எப்படியோ, அப்படி. 1975ல் நியூயார்க் மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது. இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று குடித்தனக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது.

நாணயத்தின் மறுபக்கம்

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பாதியை மறைத்ததாகும். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் 1863ல் கட்டப்பட்டது. 1901 சட்டத்துக்குப் பிறகு அதன் உள்ளே கழிப்பறை வந்தது, உள்சுவர்களில் ஜன்னல் வந்தது. 1935ல் தீப்பாதுகாப்புக்காக மேலும் மாற்றங்கள் செய்ய வேண்டி வந்தபோது, உரிமையாளர் கணக்குப் போட்டார். கட்டுப்படியாகவில்லை. குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு மேல் மாடிகளை மூடிவிட்டார். கீழ்த்தளத்துக் கடைகள் மட்டும் நடந்தன. மூடிக் கிடந்ததாலேயே உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. 1988ல் தொடங்கிய டெனமென்ட் அருங்காட்சியகம் இன்று அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு விதி குடித்தனக்காரரைக் காப்பாற்றியது. அதே விதி அங்கே அவரைத் தெருவுக்கும் அனுப்பியது. பழுதுபார்க்கும் செலவை யார் சுமப்பது, வெளியேறுகிறவர் எங்கே போவது என்பதற்கும் சேர்த்து வழி சொல்லாத விதி அரை விதிதான்.

ஆனாலும் இந்த நூறு வருடத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. விதி மட்டும் இருந்தபோது ஜன்னலுக்குப் பதில் இடுக்கு கிடைத்தது. எண்ணிப் பார்க்க ஆள் வந்தபோது இருட்டு அறைக்கு வெளிச்சம் வந்தது. புகார் சொன்னாலும் வீடு போகாது, பழுதான வீட்டுக்கு முழு வாடகை இல்லை என்று ஆனபோதுதான் குடித்தனக்காரரால் தைரியமாக வாய் திறக்க முடிந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.