ஹெல்சின்கி – டோக்கியோ வான்வழி

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவுக்கும் இடையே நேர்வழித் தூரம் சுமார் 7,820 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு ஒன்பது, ஒன்பதரை மணி நேரம் போதும். 2022 தொடக்கம் வரை அப்படித்தான் பறந்தார்கள். அதன் பிறகு ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது. பயண நேரத்தைத் தூரத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழித்தடம் இல்லை.

தட்டையான வரைபடத்தில் இவ்விரு நகரங்களையும் கோடு போட்டு இணைத்தால் அது கஜகஸ்தான், மங்கோலியா பக்கமாகப் போகும். மிகக் குறுகிய வழி அதுவல்ல. உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடகிழக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, சைபீரியாவின் மேலாக ஜப்பானுக்கு இறங்கும். இதுவே பெருவட்டப் பாதை. அதன் பெரும்பகுதி ரஷ்ய வான்வெளி.

அந்த வான்வெளி முன்பும் எளிதில் கிடைத்ததில்லை. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பிய விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் டோக்கியோ சென்றன. 1983-இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம், கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தை வட துருவத்தின் மேலாக, எங்கும் இறக்காமல் டோக்கியோவுக்கு ஓட்டியது. சோவியத் எல்லையைச் சுற்றிக்கொண்டு போன துணிச்சலான சேவை அது. பின்னர் சைபீரிய வழி திறந்ததும், ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையிலுள்ள ஹெல்சின்கி, ஆசியப் பயணிகள் விமானம் மாறும் முக்கிய நிலையமாக வளர்ந்தது.

உக்ரைன் போரையடுத்து, 2022 பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடின. மார்ச்சில் ஃபின்ஏர் பழைய துருவ வழிக்குத் திரும்பியது. பயணிகளுக்கு வட துருவத்தைக் கடந்ததற்கான சான்றிதழும் கொடுத்தது. ஹெல்சின்கியிலிருந்து துருவத்துக்கே 3,300 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பெரிங் நீரிணை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். அதன் பின் ரஷ்யாவின் கிழக்குக் கரையை விலக்கிப் பசிபிக் மேலாகத் தெற்கே வர வேண்டும். மற்றொரு வழி துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா, சீனா, கொரியா எனத் தெற்கே சுற்றுகிறது. எந்த வழி என்பதை அன்றைய காற்றே பெரிதும் தீர்மானிக்கும். மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்றோட்டம் முதுகில் பட்டால் நேரமும் எரிபொருளும் மிஞ்சும்.

துருவத்தின் அருகே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. விமானிகள் உண்மை வடக்கை வைத்தே திசை பிடிக்கிறார்கள். இறக்கைத் தொட்டியிலுள்ள எரிபொருளின் வெப்பநிலையையும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு −47 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் வேகத்தைக் கூட்டுவார்கள், அல்லது வெதுவெதுப்பான காற்றுள்ள உயரத்துக்கு மாறுவார்கள்.

டோக்கியோ நேரம் ஹெல்சின்கியைவிடக் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் கோடையில் ஆறு மணி நேரமும் முந்தியது. குளிர்காலத்தில் மாலை 5.30-க்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் பிற்பகல் 1.30.