திருப்பிக் கேட்கும் கேள்வி: ஹியூல் ஹவுசரின் நேர்காணல் முறை

தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஹியூல் ஹவுசர் 1991இல் தொடங்கிய ‘கலிபோர்னியாஸ் கோல்டு’ தொடரை, ஊர்ப்பெருமை பேசும் சுற்றுலா நிகழ்ச்சி என்ற அளவில் மதிப்பிடும் போக்கு ஊடக ஆய்வில் வேரூன்றியிருக்கிறது. எதிரில் நிற்பவர் சொன்னதையே ஹவுசர் வியப்புடன் திருப்பிக் கேட்கும் வழக்கமே இதற்கு முதன்மைச் சான்று. அறியாமையை நடித்துக் காட்டும் உத்தி அது என்பார்கள். அந்தச் சான்று நேர்மாறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது என்பது என் வாதம்.

படப்பிடிப்பு முறையைக் கவனிக்க வேண்டும். ஒரே கேமரா, ஹவுசரின் கையில் மைக், எழுதிவைக்காத பேச்சு, வெட்டாமல் நீளும் காட்சி. கேட்பவரிடமிருந்து சொல்பவரிடமும், அங்கிருந்து மீண்டும் கேட்பவரிடமும் அந்த மைக் போய்வருகிறது. தாம் சொன்னது கேள்வியாகத் திரும்பி வரும் அந்தச் சில நொடிகளில் சொல்பவருக்குத் தம் கூற்றைச் சீர்தூக்க இடம் கிடைக்கிறது. அவர் அதை உறுதிப்படுத்தலாம், திருத்தலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். வாய்மொழி வரலாற்றாளர் விரும்பும் சரிபார்ப்பு இதுதான்.

மிகையுணர்ச்சிக்கு உதாரணமாக எப்போதும் காட்டப்படும் யானைப் பகுதியை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். ஓய்வுபெற்ற சர்க்கஸ் பயிற்சியாளர் ஒருவர், தாம் வளர்த்த நீட்டா என்ற யானையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சான்டியேகோ வனவிலங்குப் பூங்காவில் சந்திக்கிறார். யானை அவரை மறந்திருக்காதா என்பதுதான் கேள்வி. அவர் குரல் கொடுக்கிறார், நீட்டா வருகிறது, பழைய வித்தைகளைச் செய்துகாட்டுகிறது. கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹவுசர் வழக்கமாகச் சொல்லால் செய்வது இங்கே செயலாகிறது. ஒருவரின் நினைவு அவர் எதிரிலேயே சோதிக்கப்படுகிறது. விடை கேமராவின் முன்னே, நேரப்போக்கு குலையாமல் பதிவாகிறது. உணர்ச்சி அந்தச் சோதனையின் விளைவு. அதை நோக்கமாகக் கொள்வது காரணத்தையும் காரியத்தையும் குழப்புவதாகும். ஒரு பகுதியைக் கொண்டு தொடர் முழுமைக்கும் விதி வகுக்க இயலாது என்பது உண்மையே. எனினும் எதிர்த்தரப்பு தன் வலுவான சான்றாக இதையே முன்வைப்பதால், இங்கே அதன் வாசிப்பு தளர்ந்தால் மற்ற இடங்களிலும் ஐயம் எழவே செய்யும்.

சச்சரவுக்குரிய கேள்விகளை ஹவுசர் அழுத்திக் கேட்பதில்லை என்பார்கள். ஓரளவு சரி, அது பொருள் தேர்வின் குறை, கேட்கும் முறையின் குறையன்று. டென்னசியில் பிறந்த வெளியூர்க்காரர் என்ற ஆட்சேபம் நிற்காது. வெளியூர்க்காரருக்குத்தான் உள்ளூர்க்காரர் அடியிலிருந்து விளக்குவார்.

ஹவுசர் 2013இல் மறைந்தார். அவரது நிகழ்ச்சிகள் ஆரஞ்சு நகரின் சாப்மன் பல்கலைக்கழக ஆவணகத்தில், இணையத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளன. அவற்றை எழுத்துப்படியாக்குவோர் தொகுப்பாளரின் எதிரொலிகளை மிகையென நீக்கிவிடக் கூடாது. நீக்கினால், அடுத்து வரும் திருத்தம் எதற்கான மறுமொழி என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.