திண்டுக்கல்லில் கற்ற வயலின், தஞ்சையில் கூடிய சபை

"ஏதாவது எழுதிக் கொடுங்க அண்ணே, ஆனா விடுதிச் சாப்பாடு, அரியர்ஸ், கட் அடிச்ச கதை மட்டும் வேண்டாம். அதுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் இருக்காங்க" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன். இயந்திரங்களின் அதிர்வை அளந்து சம்பளம் வாங்கும் ஒரு பொறியாளன். அதிர்வு என்றதும் நினைவுக்கு வருவது இசை. இசை என்றதும் நினைவுக்கு வருபவர், நம் திண்டுக்கல்லில் படித்து, வயலின் கற்று, பிறகு தஞ்சாவூர்க்காரராகவே அறியப்பட்டுவிட்ட ஒரு பெரிய மனிதர். அவரைப் பற்றியும், அவர் கூட்டிய சபையைப் பற்றியும் நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆபிரகாம் பண்டிதர். 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் வந்தார். படிப்பை முடித்து இங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அந்தக் காலத்தில்தான் சடையாண்டி பத்தர் என்பவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். சித்த மருத்துவத்தில் ஆர்வம் ஏற்பட்டுச் சுருளிமலைக்குப் போய், கருணானந்தர் என்ற பெரியவரைக் கண்டு அவரைக் குருவாகக் கொண்டதும் இந்தத் திண்டுக்கல் வாழ்க்கையின்போதுதான். ஆக, அவர் பிற்காலத்தில் பெயரெடுத்த இசை, மருத்துவம் ஆகிய இரண்டுக்கும் விதை விழுந்த மண் நம் மண்.

நான் கன்னிவாடிக்காரன். மலையடிவாரத்து ஊர், ஜமீன் ஊர் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். திண்டுக்கல் என்றால் பூட்டு, புகையிலை, மலைக்கோட்டை, இப்போது பிரியாணி என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். "எங்க ஊரில் வயலின் கற்றவர்தான் தமிழிசைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்" என்று நாமும் சொல்லலாம், தப்பில்லை!

1880களில் பண்டிதர் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியரானார். பின்னர் வேலையை விட்டுவிட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய மருந்துகள் நாடெங்கும் விற்றன. வந்த பணத்தை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தஞ்சைக்கு அருகே கருணானந்தபுரம் என்ற பெரிய தோட்டம் அமைத்தார். ஊர் மக்கள் அதைப் 'பண்டிதர் தோட்டம்' என்றார்கள். மூலிகையும் கரும்பும் பயிரிட்டு ஆராய்ச்சி செய்தார். மின்சாரத்தால் ஓடும் அச்சகம் ஒன்றையும் நிறுவினார். இன்றைய மொழியில் சொன்னால், டாக்டர், விவசாயி, தொழில்முனைவோர் எல்லாம் ஒரே ஆள்.

இத்தனைக்கும் நடுவில் இசை. அந்த நாளில் கர்நாடக சங்கீதம் கற்பவர்கள் முதல் பாடத்திலிருந்தே பெரும்பாலும் தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோதான் பாட வேண்டியிருந்தது. பொருள் தெரியாமலே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பண்டிதர் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தாமே தமிழில் பாட்டுக் கட்டினார். 96 பாடல்களை ஸ்வரக் குறிப்புகளுடன் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்ற நூலாக 1907இல் வெளியிட்டார். ஸ்வரக் குறிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். குரு வாயால் சொல்ல, சிஷ்யன் காதால் பிடிப்பதுதான் அன்றைய முறை. பாட்டைத் தாளில் இறக்கினால், குருவைக் காணாதவனும் அதைப் பாட முயலலாம். கடலூரில் இருப்பவனும் கம்பத்தில் இருப்பவனும் ஒரே பாட்டைப் பாடுகிறார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரே ராகத்துக்கு ஒரு வித்துவான் ஒரு ஆரோகணம் சொல்லுவார்; இன்னொருவர் வேறொன்று சொல்லுவார். "எங்க பாட்டன் அப்படித்தான் பாடினார்" என்பதே கடைசிச் சான்று. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதிகள் என்ற அடிப்படைக் கேள்விக்கே ஆளுக்கொரு பதில். இதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தார் பண்டிதர்.

அப்படிப் பிறந்ததுதான் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்'. அதன் முதல் மாநாடு 1912ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி தஞ்சையில் கூடியது. 1916க்குள் மொத்தம் ஏழு மாநாடுகள் நடந்தன. செலவு பண்டிதருடைய சொந்தப் பணம். பாடகர்கள், வீணை, வயலின் வித்துவான்கள், இசை நூல் படித்த அறிஞர்கள் எல்லோரும் வந்தார்கள். கச்சேரி கேட்டுவிட்டுக் கலையும் கூட்டமாக அது இருக்கவில்லை. கட்டுரை படித்தார்கள், மறுத்தார்கள், பாடிக் காட்டினார்கள், வாத்தியத்தில் வாசித்துக் காட்டினார்கள். சென்னை மியூசிக் அகாடமி தோன்றுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

சபையில் சூடு பறந்த விஷயம் சுருதிக் கணக்கு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட அனுமதிக்க வேண்டும். கால்குலேட்டர் போதும், பயப்பட வேண்டாம்!

ஒரு தந்தியை மீட்டினால் ஸட்ஜம். அதில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மட்டும் அதிரவிட்டால் பஞ்சமம். அதாவது அதிர்வெண் ஒன்றரை மடங்கு. அந்தப் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்து அதற்குப் பஞ்சமம், அதற்கும் பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை போனால் பன்னிரண்டு ஸ்வரங்களையும் தொட்டுவிட்டு மறுபடி ஸட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். ஏழு ஸ்தாயி மேலே வந்திருப்போம். ஏழு ஸ்தாயி என்றால் இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. ஆனால் ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள், 129.75 வரும். வட்டம் மூடவில்லை! சற்றே தாண்டிப் போய்விடுகிறது. கிரேக்க நாட்டுப் பித்தாகரஸின் பெயரால் உலகம் முழுதும் அறியப்பட்ட இடைவெளி இது.

பண்டிதர் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். அதிலும் அதன் உரைகளிலும் பன்னிரண்டு ராசிகளை வட்டமாக வைத்து இசையை விளக்கும் முறை இருக்கிறது. "வட்டம் என்றால் மூட வேண்டும். மூட வேண்டுமானால் பன்னிரண்டு வீடும் சம அளவாக இருக்க வேண்டும்" என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அதிலிருந்து ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று ஸ்தாயியைப் பிரித்துக் காட்டினார். சாரங்கதேவர் சொன்ன 22 சுருதிக் கணக்கு தென்னாட்டு இசைக்குப் பொருந்தாது, 24 என்பதே சரி என்றார். லாகரிதம் போட்டுப் பக்கம் பக்கமாக அட்டவணை தயாரித்தார்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 சென்டிமீட்டர் தந்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயற்கைப் பஞ்சமத்துக்கு 60 சென்டிமீட்டர் நீளம் அதிர வேண்டும். சம அளவு முறையில் 60.07. முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லை, காது மன்னித்துவிடும். ஆனால் அந்தர காந்தாரத்துக்கு வாருங்கள். ஐந்துக்கு நான்கு என்ற இயற்கை விகிதப்படி 72 சென்டிமீட்டர். சம அளவு முறையில் 71.43. கிட்டத்தட்ட ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு. நல்ல காது இதைப் பிடித்துவிடும். ஆகவே சபையில் எதிர்த்தவர்கள் வெறும் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவர்கள் காதில் விழுந்ததைச் சொன்னார்கள். பண்டிதர் கணக்கில் வந்ததைச் சொன்னார். இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தியதுதான் அந்தச் சங்கத்தின் பெருமை என்பது என் தாழ்மையான கருத்து.

1916 மார்ச்சில் பரோடா மன்னரின் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பாத்கண்டே போன்ற வடநாட்டு மேதைகள் முன்னின்ற மாநாடு அது. பண்டிதர் அங்கும் போனார். தம் கருத்தை வெறும் பேச்சாகச் சொல்லாமல், தம் குடும்பத்துப் பெண்களைக் கொண்டு வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். பெண்கள் சபையேறத் தயங்கிய காலம் என்பதை மறக்கக் கூடாது.

மறு ஆண்டு, 1917இல், ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகரம்' அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி அவர் காலமானார். சங்கமும் அவரோடு ஓய்ந்தது. தனி ஒருவர் பணத்திலும் உழைப்பிலும் நிற்கும் அமைப்புக்கு வரும் முடிவுதான் அதற்கும் வந்தது. ஆனால் நூல் நின்றது. அதன் இரண்டாம் பாகத்தை 1946இல் அவருடைய மகள் மரகதவல்லி வெளியிட்டார்.

அவர் எழுப்பிய கேள்விகளும் நின்றன. 1927இல் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு நடந்து, அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. வித்துவான்கள் கூடி ராக லட்சணம் பேசும் வழக்கம் அங்கே ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1941இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியில் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியபோது, "மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும்" என்ற குரல் நாடெங்கும் கேட்டது. 34 ஆண்டுகளுக்கு முன்பே 96 தமிழ்ப் பாட்டுகளை ஸ்வரத்தோடு கையில் கொடுத்தவர் பண்டிதர். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது. 1949 முதல் அது பண் ஆராய்ச்சி மாநாடுகளை நடத்தியது.

சரி, பண்டிதர் சொன்னதெல்லாம் சரிதானா? இசை அறிஞர்கள் பலர் இன்றும் அவருடைய சம அளவுக் கணக்கை ஏற்பதில்லை. நம் இசையில் ஸ்வரம் ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல நிற்பதில்லை, கமகத்தில் அசைகிறது. அதனால் இத்தனை சுருதி என்று எண்ணி முடிப்பதே கடினம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுப்பதற்கே ஒரு தெளிவான கூற்று வேண்டுமல்லவா? எண்ணைச் சொல்லி, அளவைச் சொல்லி, "தப்பென்றால் காட்டுங்கள்" என்று சபை கூட்டியவர் அவர். எங்கள் தொழிலில் இதைத்தான் சோதனை அறிக்கை என்கிறோம். அறிக்கையில் வந்த முடிவு பிறகு மாறலாம். அறிக்கையே இல்லாவிட்டால் மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கன்னிவாடிப் பக்கம் தேவராட்டம் ஆடுவார்கள். தேவதுந்துபி முழங்க, ஆட்டம் அடவுக்கு அடவு மாறும். கோயில் விசேஷத்துக்கு நாதஸ்வரம் வரும். நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேருடைய தாளமும் மெட்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன? செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் மறுநாள் போய்விடும். யார் பாடினார்கள், எந்த ஊர், எந்தச் சடங்கு, என்ன தாளம் என்று குறித்து வைத்தால்தான் அது ஆவணம்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, இதற்குப் பண்டிதரைப் போல் தோட்டமும் அச்சகமும் தேவையில்லை. ஆளுக்கு ஒரு ஊர், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வருஷத்துக்கு ஒருநாள் நம் கல்லூரி அரங்கில் அந்தக் கலைஞர்களையே மேடையேற்றி, மரியாதை செய்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சந்தேகம் கேட்டு, எழுதி வைப்போம். செலவை ஒரே ஆள் தலையில் கட்டாமல் முன்னாள் மாணவர் சங்கம் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தனி ஒருவரை நம்பிய சங்கம் ஏழு மாநாட்டோடு நின்றது. நாம் பலர் இருக்கிறோம்; எட்டாவதையும் தாண்டி நடத்தலாம்.