அஸ்கிரியவும் ஆரூடக்காரரும்

1996ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் திகதி கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இலங்கை அணி ஐம்பது ஓவர்களில் ஐந்து விக்கெட்டுகளை இழந்து 398 ஓட்டங்களைப் பெற்றது. ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த நாடும் அத்தொகையை எட்டியதில்லை. 1992இல் இங்கிலாந்து பெற்ற 363 ஓட்டங்களே அதற்கு முந்திய உச்சம். அஸ்கிரியவில் பிறந்த அந்த எண் பத்தாண்டு காலம் முறியாது நின்றது. எதிரே ஆடிய கென்யா எளிய அணிதானே என்று இன்றும் கூறுவோர் உளர். அதே கென்யா ஆறு நாட்களுக்கு முன்னர்தான் புனே நகரில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ஓட்டங்களுக்குள் சுருட்டி வென்றிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

கண்டியில் இந்த ஆட்டம் நிகழ்ந்து பதினொரு நாட்களின் பின், லாகூரில், இலங்கை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. போட்டி தொடங்குமுன் பத்திரிகைகளிலும் பந்தயச் சந்தையிலும் ஆரூடம் கூறியோரில் பெரும்பாலோர் இந்த நாட்டை முன்வரிசையில் வைக்கவில்லை. அவர்கள் மூடர்களல்லர், கையில் ஏடுகளை வைத்துக்கொண்டே பேசினர். அவ்வேடுகள் கூறியது இதுதான்: 1975 முதல் 1992 வரை நடைபெற்ற ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளில் இலங்கை 26 ஆட்டங்களுக்குக் களமிறங்கியது; வென்றது நான்கில்; தோற்றது இருபதில். 1987இல் ஆறு ஆட்டங்கள் ஆடி ஆறிலும் தோல்வி. இக்கணக்கைப் பார்த்த எவர்தாம் இலங்கையின் மீது காசு வைப்பார்?

ஏட்டுக் கணக்கு பொய்யன்று. ஆயின் அது எதனுடைய கணக்கு என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

1981ஆம் ஆண்டு வரை இலங்கை டெஸ்ட் ஆடும் தகுதியே பெற்றிருக்கவில்லை. 1982 பெப்ரவரியில் கொழும்பில் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது. கண்டியின் முதலாவது டெஸ்ட் 1983 ஏப்பிரலில், திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான இதே அஸ்கிரிய மைதானத்தில், அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடப்பட்டது. அதில் ஓர் இனிங்ஸ் தோல்வி. மூன்று மாதங்கள் கழிந்தன, ஜூலை வந்தது. அந்த ஜூலையில் கொழும்பிலும் கண்டியிலும் மலையகத்திலும் நடந்தவற்றை எமது வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் 1987 ஏப்பிரல் தொடக்கம் 1992 ஓகஸ்ட் வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, இந்நாட்டு மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் நடைபெறவில்லை. போரும் வன்முறையும் சூழ்ந்த நாட்டுக்கு வர எவரும் இசையவில்லை. சொந்த மைதானத்தில் ஆட வழியற்ற அணியின் தோல்விகளை எண்ணிப் பார்த்துத் திறமையை அளந்தவர்கள், உண்மையில் அளந்தது திறமையையன்று. ஒதுக்கப்பட்ட நிலையையே அளந்தனர்.

ஆசிரியத் தொழிலில் உள்ள நாமும் இத்தகைய ஆரூடத்தை நாள்தோறும் கூறுகின்றோம். தோட்டப் பாடசாலையிலிருந்து நகரப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் பழைய பெறுபேறுகளைப் பார்த்த மாத்திரத்தில், "சாதாரண தரத்தோடு நின்றுவிடும்" என்று ஆசிரியர் அறையில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. அந்தப் பெறுபேற்றுத் தாளில் லயத்து அறையின் வெளிச்சமும், கணித ஆசிரியரின்றிக் கழிந்த தவணைகளும் பதிவாவதில்லை. பதிவாவது புள்ளி மட்டுமே.

இனி, 1996இன் ஆரூடக்காரர் காணத் தவறியவை எவை என நோக்குவோம். முதலாவதாக, அண்மைக் காலச் செய்திகள் அவர்கள் கண்முன்னேதான் இருந்தன. 1995இல் நியூசிலாந்திலும் பாகிஸ்தானிலும், அவ்வவ்நாட்டு மண்ணிலேயே, இலங்கை டெஸ்ட் தொடர்களை வென்றிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சார்ஜா கிண்ணமும் அதன் வசமாயிற்று. இருபது ஆண்டுத் தோல்விகளின் கூட்டுத் தொகைக்குள் இந்த ஓராண்டு மறைந்துபோயிற்று. கூட்டிப் பெருக்கிச் சராசரி காண்பவருக்கு மாற்றம் தென்படாது. மாற்றம் எப்போதும் கணக்கின் கடைசி வரியில்தான் தொடங்குகின்றது.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. காலனித்துவக் காலத்தில் கிரிக்கெட் இந்நாட்டில் வெள்ளைத் தோட்டத்துரைமாரின் சங்கங்களிலும், அவர்களைப் பார்த்து வளர்ந்த ஒரு சில கல்லூரிகளிலும் அடைபட்டுக் கிடந்தது. எழுபதுகளுக்குப் பின் அவ்வேலி மெல்ல நகர்ந்தது. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க ஆனந்தாக் கல்லூரியின் மாணவர். ரொஷான் மகாநாம நாலந்தாவின் மாணவர். அரவிந்த டி சில்வா டி. எஸ். சேனநாயக்க கல்லூரியில் பயின்றவர். சனத் ஜயசூரியவோ தென்கோடி மாத்தறையிலிருந்து வந்தவர். ஆங்கிலக் கனவான்களின் ஆட்டம் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்தபோது ஆடும் முறையே மாறிற்று. முதல் பதினைந்து ஓவர்களில் களத்தடுப்பாளர் இருவர் மட்டுமே வட்டத்துக்கு வெளியே நிற்கலாம் என்பது அப்போதைய விதி. அவ்வேளையில் விக்கெட்டைக் காத்துக்கொள்வதே மரபாயிருந்தது. ஜயசூரியவும் களுவிதாரணவும் அம்மரபை உதறிவிட்டு, தடுப்பாளர் தலைக்கு மேலாகப் பந்தை அடித்தனர். டில்லியில் மார்ச் 2ஆம் திகதி இந்தியா பெற்ற 271 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை, முதல் மூன்று ஓவர்களிலேயே 42 ஓட்டங்களை எடுத்தது. வேகப்பந்து வீச்சாளர் மனோஜ் பிரபாகர் இரண்டு ஓவர்களில் 33 ஓட்டங்களைக் கொடுத்துவிட்டு, பின்னர் சுழற்பந்து வீச வேண்டியதாயிற்று! பழைய ஏடுகளில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. ஆகவே ஆரூடத்திலும் இதற்கு இடமில்லை.

ட்ரினிடாட் நாட்டு மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூலில் கிரிக்கெட்டையும் சமுதாய வரலாற்றையும் பிரிக்கவொண்ணாதவையாக வைத்து ஆராய்ந்தார். எமது பல்கலைக்கழகங்கள் அந்நூலை இன்னும் பாடமாக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

மூன்றாவது காரணத்தைக் கண்டியிலிருந்தே காட்டலாம். முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியில் பிறந்தவர். புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றவர். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பினார். தந்தையார் இங்கேயே தங்கி இனிப்புப் பண்டத் தொழில் நடத்தினார். 1977 கலவரத்தில் அக்குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. இவ்வாறு வந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் மேசையில் அமர்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு என்று பங்கிட்டனர். அதுவும் ஒருவகை முன்கணிப்பே: மனிதரைக் கேளாது மனிதரின் நாளையை எழுதும் கணிப்பு. அந்தக் கூட்டத்தின் ஒரு பேரன் இலங்கை அணியின் ஒரே தமிழராக 1996இல் களத்தில் நின்றார். அவருடைய அரசியற் கருத்துகள் சிலவற்றோடு எமக்கு உடன்பாடில்லை. அது வேறு விடயம்.

உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலமே இருந்தபோது, 1995 டிசம்பர் 26ஆம் திகதி, மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை ஏழு முறை முறையற்றவை என அறிவித்தார். ஜனவரியில் பிரிஸ்பேனில் மற்றொரு நடுவரும் அவ்வாறே செய்தார். இவர் இனிப் பந்து வீசுவாரா என்பதே ஐயமாயிற்று. ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நிகழ்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து பெப்ரவரி 13ஆம் திகதி கொழும்பில் வந்து ஆடின. அயல் நாடுகளின் தோழமைக்கு அதுபோன்றதொரு சான்றை விளையாட்டுலகில் நாம் அதிகம் கண்டதில்லை. இலங்கை மண்ணில் நான்கு ஆட்டங்கள் நடந்திருக்க வேண்டும், நடந்தவை இரண்டே. இரண்டாவது, கண்டியில் நிகழ்ந்த அந்த 398.

பந்தய முகவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அவர் வெற்றியை முன்னறிந்து கூறுகிறார் என்பது பாமர நம்பிக்கை. உண்மையில் எவர் வெல்வார் என்று அவர் அறிய வேண்டியதே இல்லை. இரு அணிகளும் சமம் எனில் நூறு ரூபா வைத்து வென்றவனுக்கு இருநூறு கொடுப்பதே நியாயம். அவரோ நூற்றுத் தொண்ணூறு கொடுக்கிறார். இரு பக்கமும் நூறு நூறாகச் சேர்ந்தால் எவர் வென்றாலும் பத்து ரூபா அவர் பெட்டியில் நின்றுவிடும். ஒரு பக்கம் காசு குவிந்தால் விகிதத்தை மாற்றி மறுபக்கத்துக்கு ஆள் சேர்ப்பார். ஆகவே பந்தய விகிதம் ஆட்டத்தின் கண்ணாடியன்று, ஆசையின் கண்ணாடி. இங்கிலாந்துக் குதிரைகளின் பெயர்களை மனப்பாடமாகக் கூறும் தோட்டத் தொழிலாளரை மலையக நகரங்களின் ரேஸ் புக்கிக் கடைகளில் நாம் கண்டிருக்கின்றோம். அவருடைய சம்பள நாள் எதுவென்பதைக் கடைக்காரர் அவரைவிட நன்கறிவார்.

2010இல் ஜெர்மனியின் நீர்க்காட்சிச்சாலை ஒன்றில் வாழ்ந்த கணவாய் இனத்து உயிரொன்று எட்டுக் காற்பந்தாட்ட முடிவுகளைச் சரியாகக் காட்டியதாம்! நாணயத்தை எட்டு முறை சுண்டி எட்டும் சரியாவதற்கு 256இல் ஒரு வாய்ப்புண்டு. உலகெங்கும் எத்தனை பிராணிகளை ஆரூடம் கேட்டிருப்பர்? தவறிய பிராணிகளின் பெயர் எவருக்கும் தெரியாது.

முன்கணிப்பு ஒரேயடியாகப் பொய்த்த நிகழ்ச்சிகளில் பனித்தரை ஹாக்கியில் நேர்ந்தது பெயர் பெற்றது. 1980 பெப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் அணியைச் சோவியத் அணி நியூயோர்க்கில் 10-3 எனத் தோற்கடித்தது. இரண்டு வாரங்களுக்குள், லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், அதே மாணவர்கள் 4-3 என வென்றனர். அமெரிக்க ஏடுகள் இதை முதலாளித்துவத்தின் வெற்றியாகப் பாடித் தீர்த்தன. இளைஞர் சிலர் பல மாதங்கள் ஒன்றாக உழைத்துப் பயின்றதன் வெற்றி என்று கூறுவதே பொருந்தும்.

லாகூருக்குத் திரும்புவோம். அதற்கு முன் நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. மார்ச் 17ஆம் திகதி நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, களத்தடுப்பைத் தேர்ந்தார். ஏட்டை நம்பியவர்கள் தலையில் கைவைத்தனர். ஆனால் ரணதுங்க தம் அணியின் ஆட்டத்தை அறிந்திருந்தார். டில்லியிலும் பைசலாபாத்திலும் துரத்தியே வென்றிருந்தனர். ஒரு விக்கெட்டுக்கு 137 என்றிருந்த அவுஸ்திரேலியா 241 ஓட்டங்களோடு நின்றது. முரளிதரன் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே கொடுத்தார். இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுகளை இழந்து தடுமாறிய வேளையில் அரவிந்த டி சில்வா வந்து 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்றார். ஏழு விக்கெட் வெற்றி.

அதன்பின் ஆரூடக்காரர் என்ன செய்தனர்? ஏட்டில் புதிய வரியை எழுதிக்கொண்டு, உலகச் சம்பியன் என்று இலங்கையைத் தூக்கி வைத்தனர். 1999 உலகக் கிண்ணத்தில் அந்தச் சம்பியன் முதற் சுற்றோடு வெளியேறியது. கிண்ணம் அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று. மூன்று மாதங்கள் கழித்து அந்த அவுஸ்திரேலியா டெஸ்ட் ஆடக் கண்டிக்கு வந்தது. அஸ்கிரியவில் மூன்றே நாட்களில், ஆறு விக்கெட் வித்தியாசத்தில், இலங்கை அவர்களை வென்றது. அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கை பெற்ற முதல் வெற்றி அது. இரண்டாவது வெற்றிக்குப் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் அதுவும் கண்டிக்கு அருகே பல்லேகலையில்தான் கிட்டியது. முதல் இனிங்ஸில் 117 ஓட்டங்களுக்குள் சுருண்ட பிறகு கிடைத்த வெற்றி!

அஸ்கிரிய மைதானத்தில் கடைசி டெஸ்ட் 2007 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடப்பட்டது. அதில்தான் முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனையைத் தம்வசமாக்கினார். 2010 முதல் ஆட்டங்கள் பல்லேகலைக்கு மாறின. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கு மோதின. வெற்றி யாருக்கு என்று ஆயிரம் ஆரூடங்கள் எழுந்தன. இந்தியா 266 ஓட்டங்கள் பெற்றது. அதன்பின் மலையில் மழை இறங்கி ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. மழை வரும் என்று வானிலை அவதானிப்பாளர்கள் முன்னரே கூறியிருந்தனர்.