மாறாத மூக்கடைப்பு: சைனஸ் அறைகளில் வரும் அரிய லிம்போமா

மூக்கடைத்தால் பீனிசம் என்று மருந்து எடுப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அது பீனிசமாகவே இருக்கும். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்து இரத்தமும் கசிந்தால் அப்படி விட்டுவிடக்கூடாது. கன்ன வீக்கம், கண் பிதுங்குதல், மேலண்ணத்தில் ஆறாத புண், காரணம் தெரியாத காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவையும் எச்சரிக்கைகளே.

லிம்போமா என்பது நிணநீர்க் கலங்களில் தோன்றும் புற்றுநோய். மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் இது அரிது. அங்கு முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, பெரிய பி கல லிம்போமா. மற்றது, என்.கே/ரி கல லிம்போமா. கிழக்காசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் கூடுதலாகக் காணப்படும் இந்த இரண்டாவது வகை, 1964 இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரசுடன் தொடர்புடையது. அந்த வைரஸ் பெரும்பாலானோரின் உடலில் இருக்கிறது; மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது.

நோயை உறுதிசெய்வது பயொப்சிதான். காது, மூக்கு, தொண்டை நிபுணர் குழாய்க் கமராவால் பார்த்து ஒரு துண்டு சதை எடுப்பார். இறந்த சதை மட்டும் அகப்பட்டால் முடிவு தெளிவாக வராது. மீண்டும் எடுக்க வேண்டிவரும். அதற்கு முன் ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி நோய் மறைந்துபோகலாம். எடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போரில் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகத்தில் புதிதாக வரும் வீக்கத்தைப் பழைய காயத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். உடலில் செல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் தெரிவியுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். கண்ணருகே இருந்தால் பார்வைக்கே ஆபத்து. சி.ரி. ஸ்கானில் அந்த ஆபத்து இல்லை.

சிகிச்சை வகைக்கேற்ப மாறும். பி கல வகைக்கு ரிட்டுக்சிமாப் சேர்ந்த மருந்துகள் கொடுக்கப்படும். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை அவசியம். மூக்கோடு நிற்கும் என்.கே/ரி வகைக்குக் கதிர்ச்சிகிச்சையும் அஸ்பராஜினேஸ் சேர்ந்த மருந்துகளும் தேவை. பெரும்பாலும் முழுக் கட்டியையும் வெட்டி எடுக்கத் தேவையில்லை. ஆரம்பத்திலேயே பிடிபட்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

பேலியகொடையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் ராகமை போதனா வைத்தியசாலையும் கிட்ட. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையும், வடக்கில் தெல்லிப்பழை வைத்தியசாலையும் உண்டு. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பழைய மருந்துத் துண்டுகளையும் ஸ்கான் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.